வாரத் தொடரைக் கெடு தவறாமல் அனுப்புவது எப்படி?

கதை கையில் இருக்கிறது, ஆனால் வியாழக்கிழமை வந்தால் வயிற்றைக் கலக்குகிறது என்பவர்களுக்கான குறிப்பு இது. கணக்குக்காக 1,200 சொல் அத்தியாயம், வியாழன் மாலை 5 மணிக் கெடு என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: வேகத்தை அளங்கள்

மூன்று நாள், நாளுக்கு ஒரு தடவை, 25 நிமிடம் டைமர் வைத்து எழுதுங்கள். மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வேகம். சராசரி எடுக்காதீர்கள், அது நல்ல நாளை நம்பச் சொல்லும். 200 சொல் வருகிறது என்றால் அத்தியாயத்துக்கு ஆறு அமர்வு. திருத்தத்துக்கு மூன்று. ஆக ஒன்பது.

சொல் எண்ணிக்கை இடைவெளியை வைத்துத்தான் நடக்கிறது. 'வந்து கொண்டிருந்தான்' என்றால் இரண்டு, 'வந்துகொண்டிருந்தான்' என்றால் ஒன்று. பிரித்து எழுதிவிட்டுக் கடைசியில் சேர்த்தால் எண்ணிக்கை சரியும், 1,200 வராது. முதல் நாளே ஒரு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பின்னாலிருந்து நாள் குறியுங்கள்

காலண்டரில் வியாழனை எழுதாதீர்கள். உங்கள் கெடு செவ்வாய் இரவு. வெள்ளியன்று ஐந்து வரிக் காட்சிக் குறிப்பு, சனி, ஞாயிறு, திங்கள் நாளுக்கு இரண்டு அமர்வு, செவ்வாய் திருத்தம். புதன் காலியாக இருக்கட்டும். மின்வெட்டும் காய்ச்சலும் விருந்தாளியும் அன்றைக்குத்தான் வரும்.

படி 3: எழுதும்போது திருத்தாதீர்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். முதல் பத்தியையே இழைத்துக்கொண்டிருந்தால் அமர்வு முடிந்துவிடும். அதைவிட மோசம், தகவல் தேடப் போவது. 1950இல் நடக்கும் கதையில் நாயகி மதராஸில் டிராம் ஏறலாமா? ஏறலாம், 1953 வரை ஓடியது. ஆனால் அதைத் தேடப் போனவர் பழைய புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரத்தைத் தொலைத்திருப்பார்.

சந்தேகம் வந்த இடத்தில் 'ஃஃ' என்று தட்டிவிட்டு மேலே போங்கள். இன்றைய உரைநடையில் எந்தச் சொல்லிலும் இரண்டு ஆய்தம் அடுத்தடுத்து வராது, அதனால் பிறகு தேடினால் சரியாக அங்கேயே கொண்டுவிடும். விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றவும் வேண்டாம். வேறு குறிகளைவிட இதை நான் சிபாரிசு செய்வது அதனால்தான்.

எழுந்திருக்கும்போது கடைசி வாக்கியத்தைப் பாதியில் விடுங்கள். மறுநாள் வெள்ளைத் திரையை வெறித்துப் பார்க்க வேண்டியிருக்காது.

தட்டச்சுக்கு என் ஓட்டு தமிழ்99 விசைப்பலகைக்கு. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையைவிட விசையழுத்தம் குறைவு. 'அம்மா' அடிக்கும்போது புள்ளி தானாக விழும். ஆனால் தொடர் ஓடும்போது மாறாதீர்கள், வேகம் படுத்துவிடும்.

படி 4: திருத்தம்

முதல் அமர்வில் 'ஃஃ' எல்லாவற்றையும் தீருங்கள். இரண்டாவதில் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை வெட்டுங்கள். மூன்றாவதில் மட்டும் எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி என்ற இணையத் திருத்திகள். காட்டுவதையெல்லாம் ஏற்காதீர்கள். 'வந்துட்டேன்ல' போன்ற பேச்சு வழக்கையும் பிழை என்று காட்டக்கூடும்.

அனுப்புவது யூனிகோடில். இதழ் பழைய எழுத்துருவில் கேட்டால், மாற்றியபின் மேற்கோள் குறிகளையும் ஆங்கில எழுத்துகளையும் பாருங்கள். அந்த எழுத்துருக்களில் பல ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால் முதலில் குழம்புவது அவைதான்.

பின்சேர்க்கை 1: குரல் தட்டச்சு கூடாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முதல் வரைவுக்குத் தாராளமாக. ஆனால் ர-ற, ல-ள குழப்பமும் ஒற்றுப்பிழையும் சேர்ந்து வரும். திருத்தத்தில் ஓர் அமர்வைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: தீபாவளி, பொங்கல் வாரங்களில் அச்சகம் விடுமுறை என்பதால் கெடு முன்னால் நகரும். ஆகவே மூன்று அத்தியாயம் கையிருப்பு இல்லாமல் தொடரைத் தொடங்காதீர்கள். ஒன்று செலவானால், புதன் நீங்கலாக நாளுக்கு ஓர் அமர்வு கூட்டுங்கள்; ஒன்றரை வாரத்தில் ஈடாகும். அதற்கும் வழியில்லை என்றால் ஆசிரியருக்குச் செவ்வாயன்றே சொல்லிவிடுங்கள். அன்று சொன்னால் அவர் அந்தப் பக்கத்துக்கு வேறொன்றைத் தேடிக்கொள்வார். வியாழன் நாலரைக்குச் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.