எம்3 போர்க்கத்தியை அடையாளம் காண்பது எப்படி? முத்திரையைக் கடைசியில் படியுங்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவக் கத்தி ஒன்று முதல்முறையாகக் கைக்கு வரும்போது, கண் நேராக அதில் பொறித்த எழுத்தைத்தான் தேடும். அந்த ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். பழைய கத்தி ஒன்றில் இன்றைக்கும் ஒருவர் உட்கார்ந்து எளிதாகச் சேர்த்துவிடக் கூடியது எழுத்து மட்டுமே. அலகின் (வெட்டும் தகட்டின்) வடிவம், அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே குறுக்காக நிற்கும் காப்புப் பட்டையின் வளைவு, கைப்பிடியைப் பூட்டிய விதம் ஆகியவற்றைப் போலியாகச் செய்ய நிறைய உழைக்க வேண்டும். அதனால் நான் கத்தியை எப்போதும் கட்டுமானத்தில் தொடங்கி எழுத்தில் முடிக்கிறேன். இந்த வரிசைக்கு வந்த பிறகுதான் எனக்குக் குழப்பம் தீர்ந்தது.

பழகுவதற்கு அமெரிக்க ராணுவத்தின் எம்3 போல வேறொரு கத்தி இல்லை என்பது என் கருத்து. முதல் உலகப் போரின் பித்தளை முட்டிப்பிடி கொண்ட மார்க் 1 கத்திக்கு மாற்றாக 1943-இல் வந்தது. தட்டுப்பாடான உலோகங்களை மிச்சப்படுத்துவதும் அதன் வடிவமைப்பில் ஒரு நோக்கம். ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து 25 லட்சத்துக்கும் மேல் செய்தன. 1944-இல் எம்4 துப்பாக்கிச் சனியன் (துப்பாக்கி முனையில் பூட்டும் கத்தி, பயனெட்) அதன் இடத்தைப் பிடித்தது. இவ்வளவு குறுகிய காலத்துக்குள் முத்திரையிடும் முறை இரண்டு தடவை மாறியது. மாதிரிகள் ஏராளம், மாற்றங்களோ தெளிவானவை. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

தேவையான கருவிகள் மூன்று: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெர்னியர் அளவுகோல், ஒளியைக் குறுகலாகப் பாய்ச்சும் சிறு டார்ச். செல்பேசிக் கேமராவை லென்ஸுக்குப் பதிலாக நம்பாதீர்கள். அது தானாகவே விளிம்புகளைக் கூர்மையாக்கிக் காட்டும். நாம் பார்க்க வேண்டிய நுணுக்கமே அங்கே கெட்டுவிடும். காந்தத்தை வாங்கச் சொல்பவர்களும் உண்டு. எம்3-இல் அலகு, காப்பு, கைப்பிடியின் கடைசியில் உள்ள குமிழ் எல்லாம் எஃகு என்பதால் அது இங்கே உதவாது. வாங்குவதற்கு முன் இருபுறக் கூர்கொண்ட கத்திகள் பற்றி நீங்கள் வாழும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

படி 1: அளவெடுங்கள்

காப்புப் பட்டையிலிருந்து நுனி வரை அலகு ஆறே முக்கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 171 மி.மீ. இருக்க வேண்டும். கணிசமாகக் குறைந்தால் நுனி உடைந்து மறுபடி தீட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். முதுகுப் பக்கத்தில் நுனியை ஒட்டி இரண்டாவது கூர் ஒன்று உண்டு. அது முழு நீளத்துக்கும் ஓடினால் பின்னாளில் யாரோ தீட்டியிருக்கிறார்கள்.

படி 2: காப்பும் குமிழும்

எம்3-இன் காப்புப் பட்டை ஒரு முனையில் சற்றே சாய்ந்திருக்கும். பெருவிரலைப் பதிக்க அந்தச் சாய்வு. எம்4 சனியனுக்கும் ஏறக்குறைய இதே அலகுதான். ஆனால் அதன் காப்பில் துப்பாக்கிக் குழல் நுழையும் வளையமும், குமிழில் பூட்டும் நெம்புகளும் இருக்கும். எனவே அலகை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வளையத்தை அறுத்து எறிந்துவிட்டு எம்3 என்று விற்க வழியுண்டு. காப்பின் முனையை லென்ஸில் பாருங்கள். அறுத்த இடத்தில் அரத்தின் கோடுகள் ஒரே திசையில் ஓடும். மேற்பூச்சின் நிறமும் மற்ற இடத்தோடு ஒட்டாது.

குமிழின் அடியில், கைப்பிடிக்குள் ஓடும் அலகின் தண்டு முனை அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். அங்கே பளபளப்பான புதுச் சுத்தியல் தடமோ வெல்டிங்கோ தெரிந்தால், கைப்பிடி ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது. தோல் வட்டுகளை அடுக்கி, பள்ளங்கள் வெட்டிச் செய்த கைப்பிடி அது. எண்பது ஆண்டுகளில் தோல் சுருங்கிக் கொஞ்சம் ஆடுவது இயல்பு. வட்டுகள் இறுக்கமாக, ஒரே நிறத்தில், புத்தம் புதிதாக நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 3: முத்திரை எங்கே இருக்கிறது?

இப்போதும் எழுத்தைப் படிக்காதீர்கள், அதன் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அலகின் மேலேயே ‘யு.எஸ். எம்3’ என்பதோடு நிறுவனப் பெயரும் 1943 என்ற ஆண்டும் இருந்தன. அடுத்து ஆண்டு மறைந்து பெயர் மட்டும் நின்றது. கடைசிக் கட்டத்தில் முத்திரை அலகை விட்டுக் காப்புப் பட்டைக்கு இடம்பெயர்ந்தது. ஆண்டு பொறித்தவைதான் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுபவை. போலிகள் அங்கேதான் குவிகின்றன.

நிறுவனப் பெயர்கள் இவை: ஏரியல், போக்கர், கமில்லஸ், கேஸ், இம்பீரியல், கின்ஃபோக்ஸ், பால், ராப்சன், யூடிகா. ராப்சன் தன் முழுப் பெயரை இடாமல் அதன் முதலெழுத்துச் சுருக்கத்தை இட்டது. இது தெரியாமல் பட்டியலில் இல்லாத நிறுவனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 4: முத்திரை எப்படி இடப்பட்டது?

என்னை நீண்ட நாள் நிறுத்தி வைத்த படி இதுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். எழுத்துரு சரி, இடம் சரி, நிறுவனமும் சரி. ஆனாலும் ஏதோ இடிக்கிறது என்ற நிலை வரும். அப்போது பார்க்க வேண்டியது எழுத்தின் தரையையும் கரையையும்.

அச்சால் அழுத்தும்போது உலோகம் எங்கும் போய்விடுவதில்லை, பக்கவாட்டில் ஒதுங்குகிறது. ஈரமண்ணில் கால் பதித்தால் ஓரம் எழும்புவதைப் போல எழுத்தின் கரையில் மெல்லிய மேடு உருவாகும். பின்னர் மெருகேற்றும்போது அது தேயலாம். ஆனாலும் தரை வழவழப்பாக, அழுந்திய தன்மையோடு இருக்கும். சுழல் கருவியால் செதுக்கிய எழுத்தின் தரையில் கருவி ஓடிய வரிகள் தெரியும். அமிலத்தால் அரித்த எழுத்தோ ஆழமின்றி, சொரசொரவென்று, கரை மேடு இல்லாமல் இருக்கும்.

அடுத்தது மேற்பூச்சு. அலகில் முதலில் முத்திரை, பிறகுதான் சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சோ நீலப் பூச்சோ. ஆகவே எழுத்தின் அடிவரை பூச்சு இறங்கியிருக்க வேண்டும். சுற்றிலும் பூச்சு நன்றாக இருந்து, எழுத்துக்குள் மட்டும் வெற்று எஃகு மினுங்கினால் அந்தக் கத்தியை வைத்துவிட்டு நகருங்கள். கத்தி முழுவதும் புதிதாகப் பூச்சிடப்பட்டிருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. அப்போது அலகில் பழைய துருக்குழிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். குழிக்குள்ளும் ஒரே சீரான புதுப்பூச்சு என்றால் துருவுக்குப் பின் பூசியிருக்கிறார்கள்.

டார்ச்சை நேராகப் பிடித்தால் இவற்றில் பாதி தெரியாது. அலகை மேசையில் கிடத்தி, ஒளி அதன் மேல் படுத்துக்கொண்டு வருமாறு பக்கவாட்டில் பிடியுங்கள். டார்ச்சைச் சுற்றிலும் மெதுவாக நகர்த்துங்கள். கரை மேடு இருந்தால் அதன் நிழல் எழுத்தோடு சேர்ந்து நகரும்.

படி 5: உறை

முதலில் தோலால் ஆன எம்6, பிறகு நெகிழியால் ஆன எம்8, அதன்பின் இடைவாரில் மாட்டும் கம்பிக் கொக்கி சேர்ந்த எம்8ஏ1. எம்8 உறையின் உலோக வாய்ப்பகுதியில் பெயர் பொறித்திருக்கும். போரின்போதும் பின்னும் உறைகள் தாராளமாக இடம் மாறின. எனவே உறையை வைத்துக் கத்தியின் காலத்தைச் சொல்லாதீர்கள்.

எம்6 கிடைத்தால் கத்தியை அதற்குள்ளேயே வைத்திருக்க வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்து எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். இரண்டையும் தனித்தனியே வையுங்கள், அலகுக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு போதும். எஃகுக் கம்பளியால் தேய்த்துப் பளபளப்பாக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். படி 4-இல் பார்த்த அத்தனை சான்றுகளும் அதில் அழிந்துபோகும்.

பின்சேர்க்கை

இதே வரிசை பிரிட்டன் கமாண்டோ வீரர்களின் ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்திக்கும் பொருந்துமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பொருந்தும், அங்கே கட்டுமானம் இன்னும் உரக்கப் பேசும். 1941-இல் வந்த முதல் வடிவத்தில் காப்பு ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைந்திருக்கும். அலகின் அடியில் தட்டையான சதுரப் பரப்பு உண்டு. 1942-இன் இரண்டாம் வடிவத்தில் காப்பு நேராகி, அந்தச் சதுரப் பரப்பும் போய்விட்டது. 1943-இன் மூன்றாம் வடிவத்தில் கட்டம் கட்டமாகச் செதுக்கிய பிடி மறைந்து, வளையங்கள் அடுக்கிய வார்ப்புப் பிடி வந்தது. ஒரு சிக்கல்: இந்த மூன்றாம் வடிவத்தைப் போருக்குப் பிறகும் தொடர்ந்து செய்துவந்திருக்கிறார்கள். வளையப் பிடி இருப்பதாலேயே அது போர்க்காலத்துக் கத்தி ஆகிவிடாது. அலகை இழைத்த தடங்களையும், காப்பில் அம்புக்குறி அரசு முத்திரை இருக்கிறதா என்பதையும், அது இருந்தால் படி 4-இல் சொன்னபடி எப்படி இடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்த பின்பே விலை பேசுங்கள்.