பாக்கி வசூலாகாமல் தவிக்கும் சிறு பட்டறைகளுக்கு

சரக்கை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்காக அலையும் சிறு பட்டறைக்காரர்கள், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தை அவசியம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் தவணை எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாள்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தை (Bank Rate எனப்படும் அடிப்படை வட்டி வீதம்) போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி வசதியாக்கக் குழுமங்களில் (இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அரசு அமைப்புகள்) முறையிடலாம். இதற்கான உத்யம் பதிவு (இத்தகைய தொழில்களுக்கான மத்திய அரசின் இணையவழிப் பதிவு) முற்றிலும் இலவசம் என்பதால், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்; சிக்கல் வரும்வரை காத்திராமல், சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிந்துகொள்வதுதான் பாதுகாப்பு. டெலிவரி சலானில் வாங்கியவரின் கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், ஏனெனில் அந்தத் தேதியிலிருந்துதான் நாள் கணக்கை நிரூபிக்க முடியும்.