டிரில்லிங் மெஷினைக் கீழே வைங்க தம்பி

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குடியிருப்பின் பார்க்கிங் பக்கமிருந்து டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டது. யாரோ சுவரில் துளை போடுகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் துளை போடும் சத்தம் விட்டு விட்டு வரும். இது இழுத்துக்கொண்டே போனது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், மூன்றாவது மாடித் தம்பி, வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத செகண்ட்ஹேண்ட் காரின் பானட்டில் மெஷினை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மெஷின் முனையில் மஞ்சள் ஸ்பாஞ்ச் சக்கரம், தரையில் கீறல் போகத் தேய்க்கும் ரப்பிங் காம்பவுண்ட் டப்பா, பானட் மேல் நேரான வெயில்.

செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினேன்.

அவர் மேல் கோபமில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அதே கோலத்தில் நின்றவன்தான் நான். அதன்பிறகு என் வண்டி, மாமா வண்டி, நண்பர்கள் வண்டி என்று வார இறுதிகளில் கழுவிக் கழுவியே கொஞ்சம் கற்றுக்கொண்டேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நான் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்வதைப் பார்க்கும்போது பொறுக்க முடியவில்லை. வெயிலில் கழுவாதீர்கள், சோப்பைக் காயவிடாதீர்கள் என்று டப்பாவிலேயே எழுதியிருப்பதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை.

காய்ந்த துணியால் தூசி தட்டுவது

காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் டிக்கியில் கிடக்கும் மஞ்சள் துணியை எடுத்து நாலு இழுப்பு இழுப்போமே, அதுதான். நம் ஊர்த் தூசி என்பது பொடிந்த மணல். பெயிண்டைவிடக் கடினமானது. அதைக் காய்ந்த துணியால் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். என்ன, ஒரே நாளில் தெரியாது.

ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே நிறுத்திப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்ட வட்டக் கோடுகள் தெரியும். "நான் வட்டமாகவே தேய்க்கலையே" என்று பலர் கேட்பார்கள். கோடுகள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. விளக்கைச் சுற்றி அமைந்த கோடுகள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தெரிகிறது.

எங்கள் குடியிருப்பில் தினமும் வண்டி துடைக்க ஒருவர் வருவார். ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, இருபது வண்டி. என் வண்டியில் கண்ணாடிகளை மட்டும் துடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். சம்பளத்தைக் குறைக்கவில்லை. முதல் மாதம் என்னைச் சந்தேகமாகவே பார்த்தார்.

பனியன் துணி

மென்மையாகத்தான் இருக்கும். ஓரத் தையல் கீறுவதை யாரும் பார்ப்பதில்லை. மைக்ரோஃபைபர் துணி வாங்குங்கள். அதையும் கம்ஃபர்ட் மாதிரி துணி மென்மையாக்கியில் முக்காதீர்கள், இழைகள் அடைத்துக்கொண்டு தண்ணீரை உறிஞ்சாது. தரையில் விழுந்த துணி அன்றைக்கு டயருக்கு மட்டும்.

ஆர்.ஓ. கழிவு நீரைக் காருக்குப் பிடித்து வைப்பது

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வரும் தவறு இது. ஆர்.ஓ. மெஷின் நல்ல தண்ணீரை நமக்குக் கொடுத்துவிட்டு, உப்பையெல்லாம் மீதித் தண்ணீரில் திரட்டி வெளியே விடுகிறது. ஏற்கெனவே உப்பாக இருக்கும் சென்னைப் புறநகர் போர் தண்ணீரைவிட அது மோசம். கழுவிவிட்டுத் தானாகக் காயட்டும் என்று விட்டால், ஒவ்வொரு சொட்டும் சுண்ணாம்பு வட்டமாக உட்கார்ந்துவிடும். அது வெயிலில் சில வாரம் சுட்டால் பெயிண்டிலேயே தழும்பு விழும்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மச்சான் உப்பு குறைந்த சிறுவாணித் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே விட்டுவிடுவார். வண்டி பளிச்சென்று இருக்கும். கேட்டால், உனக்குத்தான் கழுவத் தெரியவில்லை என்று என்னைச் சொல்வார். போர் தண்ணீர்க்காரர்களுக்கு ஒரே வழி, சொட்டு காயும் முன் துடைப்பது. பானட்டைக் கழுவினால் பானட்டைத் துடை, அப்புறம் கதவுக்குப் போ. புதிதாக விழுந்த வட்டங்களை வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து எடுத்து, உடனே நன்றாக அலசினால் பெரும்பாலும் போய்விடும்.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்வேன். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய தண்ணீர், அதில் உப்பு கிடையாது. கோடைகாலத்தில் ஒரு ராத்திரிக்கு அரை வாளியாவது தேறும்.

ரப்பிங் காம்பவுண்ட்

இதுதான் என் வயிற்றெரிச்சல். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் முதல் கார் கறுப்பு. செகண்ட்ஹேண்ட். நிழலில் ராஜா மாதிரி இருக்கும், வெயிலில் நிறுத்தினால் உடம்பெல்லாம் சிலந்தி வலை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டபோது ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்து, "தேய்ங்க சார், ஷோரூம் வண்டி மாதிரி ஆயிடும்" என்றார்கள். கையாலேயே தேய்த்தேன். உண்மையிலேயே ஆனது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்று முறை கழுவினேன். கோடுகள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. மலிவான பாலிஷ்களில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும், அவை கீறலுக்குள் புகுந்து நிரப்பிக்கொண்டு ஒளியை ஏமாற்றும். கழுவக் கழுவ நிரப்பியது வெளியேறும். இது அப்போது எனக்குத் தெரியாது. கையால் தேய்த்தது போதவில்லை, இன்னும் வேகம் வேண்டும் என்று முடிவு கட்டிப் பக்கத்து வீட்டு டிரில்லிங் மெஷினைக் கடன் வாங்கினேன்.

பானட்டில் நீளவாக்கில் ஒரு மடிப்புக் கோடு ஓடுமே, அங்கேதான் நடந்தது. ஐந்து நிமிடத்தில் ஸ்பாஞ்ச் கறுப்பானது. எனக்கோ ஒரே சந்தோஷம், இத்தனை வருட அழுக்கு எப்படி வெளியே வருகிறது பார் என்று. இன்னும் அழுத்தினேன். அழுக்கல்ல, அது என் வண்டியின் நிறம். துடைத்துப் பார்த்தபோது பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடம் பளபளப்பே இல்லாமல், கரும்பலகை மாதிரி மங்கிக் கிடந்தது. பாலிஷ் போட்டேன், வாக்ஸ் போட்டேன். அது மட்டும் எதற்கும் மசியவில்லை.

என்ன நடந்தது என்றால், இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தகட்டின் மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், அதற்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு. நாம் பார்க்கும் பளபளப்பு முழுக்க அந்தக் கடைசிப் பூச்சில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். கம்பெனியில் அடித்து வரும் எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தால் சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான். நாம் எழுதும் வெள்ளைத்தாளின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லிசு. மடிப்புகளிலும் ஓரங்களிலும் இன்னும் குறைவாக இருக்கும்.

காம்பவுண்ட் என்பது அந்தப் பூச்சைச் சீவும் பொடி. கீறலை அது அழிப்பதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பூச்சைச் சீவி மட்டமாக்குகிறது. சீவியது சீவியதுதான், திரும்ப வளராது.

அந்த வேலைக்கு டிரில்லிங் மெஷின் கொஞ்சமும் பொருந்தாது. நிமிடத்துக்கு 2,500, 3,000 சுற்று சர்வசாதாரணமாகச் சுற்றும். ஸ்பாஞ்ச் சிறியது, கை கொஞ்சம் சாய்ந்தால் ஓரம் மட்டும் அழுந்தும், சூடு ஒரே இடத்தில் ஏறும். பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் ஆபத்து. தகடு மாதிரி சூட்டைப் பரப்பாததால் சீக்கிரமே வெந்துவிடும். மெஷின்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் டியூயல் ஆக்‌ஷன் பாலிஷர் என்று தனியாக இருக்கிறது. அதில் சூடு ஒரே புள்ளியில் நிற்காது. ஆரம்பக்காரர்கள் தொட வேண்டிய மெஷின் அது ஒன்றுதான்.

என் பானட்டுக்கு வருகிறேன். ஒரு வருடத்தில் அந்த நாணயத்தைச் சுற்றி மீதிக் கிளியர் கோட்டும் தோல் உரிவது மாதிரி உரிய ஆரம்பித்தது. பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். பானட் முழுக்கப் பெயிண்ட் அடிக்க 7,000 ரூபாய். கறுப்பு கறுப்புதானே என்று நினைத்திருந்தேன். இல்லையாம். பக்கத்து ஃபெண்டரோடு (முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் தகடு) வைத்துப் பார்த்தால் பானட் ஒரு மாற்றுக் குறைவாகத் தெரிந்தது. அதோடாவது விட்டதா? வண்டியை விற்கும்போது வந்தவர் பானட்டைத் தடவிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், "ஆக்சிடென்ட் வண்டியா சார்?" என்றார். நான் கதையைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. 15,000 ரூபாய் குறைத்துத்தான் எடுத்தார். 250 ரூபாய் டப்பா!

எப்படிச் செய்திருக்க வேண்டும்? முதலில் கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷில் போகாது, விட்டுவிடுங்கள். மாட்டாவிட்டால், வண்டியை நன்றாகக் கழுவி நிழலில் நிறுத்தி, ஒரு சதுர அடிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதற்குள் மட்டும், இருப்பதிலேயே நைசான பாலிஷைக் கையால் போட்டுப் பாருங்கள். மடிப்புகள் மேலும் டேப் ஒட்டிவிடுங்கள். துடைத்த பிறகு, தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடைத்தால் நிரப்பிய எண்ணெய் போய் உண்மை நிலவரம் தெரியும். பாதிக்கு மேல் கீறல் மறைந்திருந்தால் அதோடு நிறுத்துங்கள். முழுக்கப் போக வேண்டும் என்ற ஆசைதான் பானட்டைத் தின்கிறது. கிளியர் கோட் உள்ள வண்டியில் துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால், அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். கிளியர் கோட் இல்லாமல் நிறத்தை மட்டும் அடித்த பழைய வண்டிகளில் நிறம் வரத்தான் செய்யும், அது வேறு கணக்கு.

மூன்றாவது மாடித் தம்பிக்கு நல்ல நேரம். மடிப்புக்கு இன்னும் வரவில்லை, நடுவில் மட்டும் புகை மாதிரி சுழல் தடங்கள் விழுந்திருந்தன. கையால் நைஸ் பாலிஷ் போட்டு ஓரளவு சரி செய்தோம். "அப்போ மீதிக் கீறலோடயே ஓட்டணுமாண்ணா?" என்று பாவமாகக் கேட்டார்.

"ஆமா தம்பி. ஓட்டத்தானே வாங்குனீங்க?"

துணி சோப்புத் தூள்

வேண்டாம்.

சீட்டைக் குளிப்பாட்டுவது

துணி சீட்டுக்குள் இருப்பது ஸ்பாஞ்ச். ஒரு மக் ஊற்றினால் ஒரு மக்கையும் குடித்துவிடும், ஆனால் திருப்பித் தராது. ஐப்பசி மழையில் கழுவிக் கதவை மூடிவைத்த என் நண்பனின் காரில் மூன்றாம் நாள் பூஞ்சை வாடை. ஏ.சி. போட்டால் இன்னும் ஜோர். நுரையை மட்டும் பிரஷில் எடுத்துத் தேய்த்து, உடனே துடைத்து, கதவைத் திறந்து வைத்து முழுநாள் காயவிட வேண்டும். வெயில் காலத்தில் மட்டும் செய்யுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சமாசாரம். அதில் தண்ணீரும் படக் கூடாது, உங்கள் கையும் படக் கூடாது.

எஞ்சினுக்குப் பிரஷர் வாஷர்

ஓடி வந்த சூட்டோடு அடிப்பவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் ஆறட்டும். ஈரத்துணியும் பழைய பெயிண்ட் பிரஷும் போதும். பானட்டைத் திறந்து பார்க்கப் போவது மெக்கானிக் மட்டும்தான், அவர் மார்க் போட மாட்டார்.

டேஷ்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய்

தலைக்கு நல்லது. டேஷ்போர்டில் தடவினால் தூசி அப்பிக்கொள்ளும், மத்தியான வெயிலில் அதன் பளபளப்பு முன் கண்ணாடியில் தெரிந்து ரோட்டை மறைக்கும்.

டயர் பாலிஷை டயர் முழுக்கப் பூசுவது

காரின் பக்கவாட்டில் மட்டும். பைக் டயரில் எங்கேயும் வேண்டாம், திருப்பத்தில் வழுக்கும். அந்த ஸ்பிரே டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. இதில் விளையாட்டே கூடாது.

ஆயுத பூஜைச் சந்தனம்

இதை எழுதினால் வீட்டில் திட்டு விழும், தெரியும். கழுவி, துடைத்து, வாக்ஸ் போட்டு நிறுத்திய வண்டியின் பானட்டில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். சந்தனம் காய்ந்து வெடித்ததும் நகத்தால் சுரண்டுவோம், அங்கே கீறல். குங்குமமோ வெள்ளை வண்டியில் ரோஸ் நிறத்தில் தங்கிவிடும். அன்று ராத்திரியே ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள். அதைவிட, பொட்டை முன் கண்ணாடியில் வைக்கச் சொல்லலாம், கண்ணாடியில் அந்தக் கறை தங்காது.

நானும் ஆறு வருடமாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.