மென்பொருள் கண்ணில் படாத அலகுப் பிழைகள்

மீட்டரையும் விநாடியையும் கூட்டச் சொன்னால், அலகு தெரிந்த கணித மென்பொருள்கள் பலவும் உடனே மறுத்துவிடும். மேத்தமேட்டிகா, பைத்தான் நிரல்மொழியின் பின்ட் நூலகம் இரண்டும் இதில் கறார்தான். அந்தக் கறாரைப் பார்த்துவிட்டு மற்றதையும் அதுவே கவனித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோமே, அங்கேதான் வம்பு ஆரம்பம். அது பார்ப்பது பரிமாணத்தை மட்டும், அதாவது ஓர் அளவு நீளமா, நேரமா, நிறையா என்பதை. நீளத்தோடு நீளம் சேர்ந்துவிட்டால் அப்புறம் வாய் திறக்காது.

அதிகம் பேர் சறுக்குவது வெப்பநிலையில். 20 டிகிரி செல்சியஸ் என்பது 68 டிகிரி பாரன்ஹீட். ஆனால் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் 'உயர்ந்தது' என்றால், அது 36 டிகிரி பாரன்ஹீட் உயர்வு. முதலாவதில் 32-ஐக் கூட்ட வேண்டும், இரண்டாவதில் கூட்டவே கூடாது. வெறும் 20-ஐப் பார்த்து இது எந்த ரகம் என்று கணினிக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு மென்பொருளும் தானாக ஒரு முடிவு எடுத்து வைத்திருக்கிறது. மேட்லேப் என்ற கணித மென்பொருளின் குறியீட்டு அலகுகளில், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அதை வேறுபாடாக எடுத்துக்கொண்டு 36 என்று விடை வரும். 68 வேண்டுமானால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பின்ட் நேர் எதிர். அதில் செல்சியஸ் என்றால் வெப்பநிலை, வேறுபாட்டுக்கு 'டெல்டா' சேர்த்த தனி அலகு. 25 செல்சியஸை இரண்டால் பெருக்கினால் பிழைச் செய்தி வரும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் கேள்வி நியாயமானது: இரு மடங்கு என்றால் 50 செல்சியஸா, இல்லை 298.15 கெல்வினின் இரு மடங்கான 323.15 செல்சியஸா? சூத்திரத்தில் வெப்பநிலையைப் பெருக்கவோ வகுக்கவோ வேண்டியிருந்தால், முதல் வரியிலேயே கெல்வினுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது.

கோணம் இன்னும் வழுக்கலான இடம், ஏனென்றால் கோணத்தின் அலகான ரேடியனுக்குப் பரிமாணமே கிடையாது. எக்செலில் சைன் 30 என்று போட்டால் 0.5 வராது, −0.988 வரும், ஏனென்றால் அது 30-ஐ டிகிரி அல்ல, ரேடியன் என்று எடுத்துக்கொள்கிறது. எதிர்க்குறி கண்ணில் படுவதால் இது பிடிபட்டுவிடும். பிடிபடாதது வேறு. நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் விநாடிக்கு ஒரு சுற்று, அதாவது 1 ஹெர்ட்ஸ் என்றுதான் நினைப்போம். பின்டிடம் மாற்றச் சொன்னால் 6.283 ஹெர்ட்ஸ் என்கிறது. ஒரு சுற்றை 2π ரேடியன் ஆக்கி, ரேடியனை வெறும் எண்ணாகக் கழற்றிவிட்டதன் விளைவு. இது அதன் ஆவணத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது, நாம்தான் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. முறுக்குவிசையின் நியூட்டன்-மீட்டரும் ஆற்றலின் ஜூலும் இதே போலத்தான். பரிமாணம் ஒன்று, பொருள் வேறு. இரண்டையும் கூட்டினால், பரிமாணத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் தடுக்காது.

அளவீடுகளிலிருந்து உருவான அனுபவச் சூத்திரங்களுக்கு வருவோம். வாய்க்காலில் நீரின் வேகத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில், நீரியல் ஆரத்தை (நீரின் குறுக்குவெட்டுப் பரப்பை, அது நனைக்கும் சுற்றளவால் வகுத்த நீளம்) மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, சாய்வின் வர்க்கமூலத்தால் பெருக்கி, சொரசொரப்பு எண்ணால் வகுக்கிறோம். மீட்டரில் செய்தால் முன்னால் நிற்கும் கெழு 1, அடியில் செய்தால் 1.49. அதாவது அலகு அந்தக் கெழுவுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆரத்தை அலகோடு அப்படியே உள்ளே கொடுத்தால், விடை மீட்டரின் மூன்றில் இரண்டு அடுக்கு என்று வந்து நிற்கும், வேகமாக இருக்காது. இந்த இடத்தில் பலரும் வெறுத்துப்போய் எல்லா அலகையும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். வேண்டாம். ஆரத்தை '1 மீட்டர்' என்ற அளவால் வகுத்து உள்ளே கொடுங்கள், கடைசியில் '1 மீட்டர்/விநாடி'யால் பெருக்குங்கள். ஆரம் அடியில் வந்தாலும் அந்த வகுத்தலே மாற்றத்தைப் பார்த்துக்கொள்ளும், கெழுவும் 1-ஆகவே இருக்கும்.

சில நேரம் அலகைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வரைபடத்துக்கோ, அலகு தெரியாத வேறொரு நிரலுக்கோ கொடுக்கும்போது அப்படித்தான். 5 கிலோமீட்டரிலிருந்து எண்ணை மட்டும் உருவினால் கிடைப்பது 5, வாங்கிக்கொள்ளும் நிரல் மீட்டரை எதிர்பார்த்தால் ஆயிரம் மடங்கு பிழை. முதலில் மீட்டருக்கு மாற்றிவிட்டு, அதே வரியில் எண்ணை எடுங்கள். கோப்பில் எழுதும்போது நெடுவரிசைத் தலைப்பில் 'தூரம்' என்று மட்டும் போடாமல் 'தூரம்_மீ' என்று போடுங்கள். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயில் தொலைந்துபோனது இப்படி ஒரு கைமாற்றத்தில்தான். உந்துவிசைத் தரவை ஒரு மென்பொருள் பவுண்டு-விசை விநாடியில் எழுத, மற்றொன்று அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு.

மாற்றுக் காரணிகளைக் கையால் எழுதுகிறவர்களுக்கு ஒன்று: ஒரு கன மீட்டர் என்பது 10 லட்சம் கன செ.மீ., நூறு அல்ல. தெரிந்ததுதான், ஆனாலும் அவசரத்தில் கை நூறையே தட்டும்.

பெயர் ஒன்றாக இருந்து அளவு வேறாக இருப்பவையும் உண்டு. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். இந்த வித்தியாசம் பெரிது என்பதால் எங்காவது இடறும். அடியில் அப்படி இல்லை. சர்வதேச அடி சரியாக 0.3048 மீட்டர், அமெரிக்க நில அளவை அடி 1200/3937 மீட்டர். வித்தியாசம் 10 லட்சத்தில் இரண்டு பங்கு. நில அளவை அடியை 2022 இறுதியோடு அமெரிக்கா கைவிட்டுவிட்டாலும், பழைய தரவுகள் அதில்தான் இருக்கின்றன. ஓர் அறையின் நீளத்தை அளந்தால் இது தெரியவே தெரியாது. வரைபடத் தொடக்கப் புள்ளியிலிருந்து 20 லட்சம் அடி தள்ளி இருக்கும் ஆயத்தொலைவில் எல்லைக்கல் 4 அடி நகர்ந்துவிடும்.