நுரை பொங்கினால் கேஸில் கை வைக்காதீர்கள்: பீர் பரிமாறுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களைப் பழக்குவது இப்போது என் பொறுப்பு. நாங்கள் வேலைக்கு வந்த புதிதில் செய்த அதே கோளாறுகளை, யாரோ சொல்லி அனுப்பியது போல, இவர்களும் செய்கிறார்கள். குலுங்கிய பாட்டிலை உடனே திறப்பது, விரிசல் விட்ட கிளாஸில் ஊற்றுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஒருமுறை நடந்தால் தானாகவே புத்தி வந்துவிடும். வருடக்கணக்கில் செய்தும் தவறு என்றே தெரியாத விஷயங்கள் சில இருக்கின்றன, அவற்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பீரை எப்படிக் குடிப்பது என்பது குடிக்கிறவர் விருப்பம். ஒருவருக்கு விளிம்பு வரை பீர் வேண்டும், ஒருவருக்கு மூன்று விரல் உயரத்துக்கு நுரை வேண்டும், இன்னொருவருக்குக் கிளாஸே வேண்டாம். அதில் நாம் தலையிட ஒன்றுமில்லை. ஆனால் ஊற்றுகிறவர் கையால் வந்த பழுதையும் ‘சிலருக்கு இப்படித்தான் பிடிக்கும்’ என்று சொல்லிச் சமாளிக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது. கேஸ் போய்ச் சப்பென்று இருக்கும் பீரை யாரும் விரும்பிக் கேட்பதில்லை.

நுரை பொங்கியதும் கேஸைக் குறைப்பது

இதை மட்டும் நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. காரணம், இதில் போவது ஒரு கிளாஸ் பீர் அல்ல, ஒரு கெக் முழுவதும், அதாவது பீர் அடைத்து வரும் உலோகப் பீப்பாய் முழுவதும்.

கூட்டம் நெரிந்த ஓர் இரவில் நடந்தது. ஓடிக்கொண்டிருந்த கெக் தீர்ந்துபோனதால், அன்று மாலைதான் வண்டியில் வந்து இறங்கிய புதிய கெக்கை அப்படியே இணைத்திருக்கிறார்கள். முதல் கிளாஸில் முக்கால்வாசி நுரை. இரண்டாவதும் அப்படியே. பீர் ஊற்றும் டேப்பில் நின்ற பையன் உள்ளே போய், கெக்குக்குப் போகும் கேஸின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் திருகிவிட்டு வந்தான். “கேஸ் ஜாஸ்தியா இருந்துச்சு அண்ணா, குறைச்சிட்டேன்” என்றான். அடுத்த நாலைந்து கிளாஸ் கொஞ்சம் பரவாயில்லாமல் வந்தது. அவன் முகத்தில் ஒரு பெருமை. அரை மணி நேரத்தில் மறுபடியும் நுரை, இந்த முறை இன்னும் மோசம். அவன் இன்னும் ஒரு திருகு குறைத்தான். இரவு முடிகிறபோது டேப்பிலிருந்து நுரையும் சோடாக் குமிழியுமாக விட்டு விட்டு வந்தது. நுரை அடங்கிய பிறகு கிளாஸில் கிடந்ததில் உயிரே இல்லை. குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். மறுநாள் அந்தக் கெக்கில் மிச்சமிருந்ததைக் கொட்ட வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி ஆகிறது? பீருக்குள் கார்பன் டை ஆக்சைடு கரைந்து கிடக்கிறது. அதை உள்ளேயே பிடித்து வைப்பவை இரண்டு: குளிர், அழுத்தம். பொதுவான லாகர் பீரில் (நாம் வழக்கமாகப் பார்க்கும் இளமஞ்சள் பீர்), பீரின் கன அளவைப் போல இரண்டரை மடங்கு வாயு கரைந்திருக்கும். 3 டிகிரி செல்சியஸில் அதைத் தக்கவைக்க ஏறத்தாழ 12 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் போதும். அதே பீர் 10 டிகிரிக்கு ஏறிவிட்டால் சுமார் 18 பி.எஸ்.ஐ. வேண்டும். அதாவது கெக் சூடாக இருக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் 12 போதாமல்தான் வாயு பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த நேரத்தில் அழுத்தத்தை இன்னும் குறைத்தால் என்ன ஆகும்? சோடா பாட்டில் மூடியைத் தளர்த்திவிட்ட கதைதான். கெக்கிலும் குழாயிலும் குமிழிகள் கிளம்பிவிடும். டேப்புக்கு வந்து சேரும்போது பாதி நுரை, பாதி கேஸ் இழந்த பீர்.

முதல் சில கிளாஸ்கள் நன்றாக வருவதுதான் இதில் உள்ள மோசடி. அழுத்தம் குறைந்ததும் பீர் மெதுவாக ஓடுகிறது, அலைச்சல் குறைகிறது, நுரையும் குறைந்ததாகத் தெரிகிறது. ‘பார்த்தீங்களா, சரியாயிடுச்சு’ என்று மனசு நம்பிவிடுகிறது. அதற்குப் பின்னால் நடப்பதை அந்தத் திருகோடு யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. கெக்கிலேயே குறை, கம்பெனியே சரியில்லை என்று பேச்சு திரும்பிவிடும்.

சரி, நுரை பொங்கினால் என்ன செய்வது? முதலில் ஒரு தெர்மாமீட்டரை எடுங்கள். கிளாஸில் ஊற்றி அளவு பாருங்கள், ஆனால் முதல் கிளாஸில் அல்ல. டேப்பும் குழாயின் கடைசிப் பகுதியும் வெளியே சும்மா நின்று சூடாகியிருக்கும். முதல் கிளாஸ் எப்போதும் கொஞ்சம் நுரைக்கும், அது இயல்பு. இரண்டாவது, மூன்றாவது கிளாஸில் பாருங்கள். அதுவும் சூடாக இருந்தால் கெக் இன்னும் குளிரவில்லை என்று அர்த்தம். 50 லிட்டர் கெக் குளிர் அறைக்குள் போன உடனே குளிர்ந்துவிடாது, முழுதாக ஒரு நாள் கொடுக்க வேண்டும். வெளிப்புறத் தகடு கைக்குச் சில்லென்று இருப்பதை வைத்து ஏமாறாதீர்கள், நடுவில் இருக்கும் பீர் கடைசியாகத்தான் குளிரும். தீரப் போகிற கெக்குக்குப் பக்கத்தில் அடுத்தது முந்தின நாளே வந்து நிற்க வேண்டும்.

கெக் குளிர்ச்சியாகவே இருந்தால், டேப்பை எப்படித் திறக்கிறீர்கள் என்று பாருங்கள். பாதி திறந்து மெதுவாக விட்டால் நுரை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறுகிய வாயில் வழியாகப் பீர் இடித்துக்கொண்டு வரும், நுரை கூடும். ஒரே இழுப்பில் முழுதாகத் திறக்க வேண்டும், மூடுவதும் அப்படியே. அப்புறம் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, இணைப்பில் உள்ள ரப்பர் வாஷர் கிழிந்திருக்கிறதா, குழாயைக் கழுவி எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். கெக்கிலிருந்து டேப்புக்கு வரும் குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது காரக் கரைசல் ஓட்டிக் கழுவ வேண்டும். படிந்திருக்கும் அழுக்கில் வாயு ஒட்டிக் குமிழி விடும். அதோடு பீரில் வெண்ணெய் வாடையும் புளிப்பும் ஏறும். இத்தனையும் பார்த்த பிறகுதான் ரெகுலேட்டர் பக்கம் போக வேண்டும். பெரும்பாலும் போகவே தேவைப்படாது.

ஸ்டவுட் டேப்புக்குச் சாதாரண கேஸை இணைப்பது

ஸ்டவுட் என்பது கறுப்பு பீர். அதில் நைட்ரஜன் சேர்த்துப் பரிமாறும் நைட்ரோ ஸ்டவுட்டுக்குக் கலவை கேஸ். வழக்கமாக நைட்ரஜன் 75 சதவீதம், மீதி கார்பன் டை ஆக்சைடு. உருளையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

ஸ்டவுட்டுக்குப் பேர்போன கின்னஸ் நிறுவனம் இந்த நைட்ரஜன் முறையை 1959-இல் கொண்டுவந்தது. அந்த வெண்ணெய் போன்ற நுரைக்குக் காரணம் அதுதான். முக்கால் கிளாஸ் ஊற்றி, அடங்க விட்டு, பிறகு நிரப்புவதைப் பலர் சடங்கு போல மதிக்கிறார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் ஒரே ஊற்றாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், சண்டை வேண்டாம்.

கிளாஸை உறைய வைப்பது

ஃப்ரீசரில் வைத்து வெள்ளை பூத்த கிளாஸ் பார்க்க அழகுதான். அதில் பீரை ஊற்றியதும் சுவரில் உள்ள பனித்துகள் ஒவ்வொன்றும் குமிழிக்கு இடம் கொடுக்கிறது, நுரை தாறுமாறாகக் கிளம்புகிறது. பனி உருகிப் பீரில் தண்ணீரும் கலக்கிறது. ஃப்ரீசரில் வேறு என்ன வாடை இருந்ததோ அதுவும் கூடவே வரும். கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசினால் போதும், சூடும் இறங்கிவிடும், நுரையும் அடங்கி நடக்கும்.

குளிர்ச்சியின் அளவில் ஆளுக்கு ஆள் விருப்பம் வேறுபடும் என்பது உண்மை. ஆனால் எல்லாப் பீரையும் ஒரே குளிரில் வைப்பது விருப்பம் அல்ல, சோம்பல். லேசான லாகருக்கு 3 முதல் 5 டிகிரி பொருந்தும். லாகரை விட மணம் கூடிய பேல் ஏல் வகைகளுக்கு 7 முதல் 10 வரை. வலுவான இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு 12 டிகிரியைக் கூடத் தாண்டலாம். பீப்பாயிலேயே நொதித்து முதிரும் இங்கிலாந்தின் காஸ்க் ஏல் 11 முதல் 13 டிகிரிக்குள் பரிமாறப்படுகிறது. அதைக் குடித்துவிட்டுச் சூடாக இருக்கிறது என்று புகார் சொல்கிறவர்கள் உண்டு. கடுங்குளிரில் மணம் எழும்பாது, நாக்கும் மரத்துப் போகும். காபி மணமும் சாக்லெட் மணமும் வீசும் ஒரு கறுப்பு பீரை 2 டிகிரியில் கொடுத்தால், செய்தவருடைய உழைப்பில் பாதி மூக்குக்கே எட்டாது. குளிராகத்தான் வேண்டும் என்று கேட்டால், சரி, அப்படியே கொடுங்கள். கேட்காதவருக்கு ஏன்?

டேப்பின் மூக்கைப் பீருக்குள் முக்குவது

கூடாது.

எண்ணெய்ப் பிசுக்குள்ள கிளாஸ்

பீரின் நுரையைத் தாங்கி நிற்பவை முளைகட்டிய தானியமான மால்ட்டிலிருந்து வரும் புரதமும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வரும் கசப்புப் பொருளும். கொழுப்பு பட்டால் அந்தக் கட்டு உடைந்துவிடும். உதட்டுச் சாயம், கை எண்ணெய், பால் குடித்த கிளாஸின் மிச்சம், அலசாமல் விட்ட சோப்பு, எது பட்டாலும் நுரை நொடியில் காணாமல் போகும். சமையலறைப் பாத்திரங்களோடு சேர்த்து ஒரே தொட்டியில், ஒரே பஞ்சில் கழுவுகிற இடங்களில் இந்தக் கேடு தினமும் நடக்கும்.

கிளாஸ் சுத்தமா என்று அறிய, உள்ளே தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம், துளித்துளியாக நின்றால் பிசுக்கு. பீர் ஊற்றிய பிறகும் தெரியும். பக்கச் சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் அது அழகல்ல, அங்கே அழுக்கு இருக்கிறது. சுத்தமான கிளாஸில் ஒவ்வொரு மடக்குக்கும் நுரை ஒரு வளையமாகப் படிந்துகொண்டே இறங்கும். கழுவியதைத் துணியால் துடைக்காதீர்கள், கம்பித் தட்டில் கவிழ்த்துக் காற்றில் உலர விடுங்கள்.

நுரையே விழாமல் ஊற்றுவது

கிளாஸைக் கடைசி வரை சாய்த்தே வைத்து, ஒரு குமிழி கூட எழாமல் ஊற்றுவதைத் திறமை என்று நினைக்கிறார்கள். அப்படி ஊற்றினால் வாயு கூடுதலாகப் பீருக்குள்ளேயே தங்கி, குடிக்கிறவர் வயிற்றில் போய்ப் பிரியும். வயிறு உப்புசம் என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு இந்த ஊற்றும் ஒரு காரணமாக இருக்கலாம். 45 டிகிரி சாய்வில் தொடங்கி, பாதிக்கு மேல் நிமிர்த்தி, நடுவில் விழ விடுங்கள். இரண்டு விரல் நுரை நிற்கும், மணமும் மேலே வரும்.

விருப்பம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் செக் நாட்டைப் பாருங்கள். ஒரே டேப்பிலிருந்து, ஒரே பீரை, நுரையின் அளவை மட்டும் மாற்றி வேறு வேறு பெயரில் கேட்பார்கள். ஹ்லடின்கா என்றால் கெட்டியான நுரைத் தொப்பியோடு பீர், மிலிகோ என்றால் கிளாஸ் ஏறத்தாழ முழுவதும் ஈரமான, இனிப்பான நுரை. இங்கிலாந்திலோ கைப்பம்பின் முனையில் ஸ்பார்க்ளர் என்ற சிறுதுளை மூடி மாட்டலாமா கூடாதா என்று வடக்கும் தெற்கும் இன்றும் முறைத்துக்கொள்கின்றன. வடக்கே கெட்டி நுரை, தெற்கே அது இல்லாமல். இரண்டுமே தெரிந்து கேட்பவை. அலட்சியத்தால் நுரை செத்துப்போவது வேறு.

வெளிச்சத்தில் வைத்த பாட்டில்

ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டால் சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றப் பொருளாக மாறுகிறது. பழுப்புக் கண்ணாடி பெருமளவு காக்கும். பச்சையும் நிறமற்றதும் காக்காது. வெயிலில் சில நிமிடம் போதும், கிளாஸில் ஊற்றி வைத்த பீருக்கும் இதே கதிதான். ‘குளிர்ந்தது சூடாகி மறுபடி குளிர்ந்ததால் கெட்டுவிட்டது’ என்று பழி சுமத்துகிற பல பாட்டில்கள் உண்மையில் வெளிச்சத்தால் கெட்டவை.

அதே கிளாஸில் மறுபடி ஊற்றுவது

புதுக் கிளாஸ் எடுங்கள்.

வண்டலைக் கேட்காமல் கலக்குவது

வடிகட்டாத ஜெர்மன் கோதுமை பீரில் ஈஸ்ட் அடியில் படிந்திருக்கும். பெரும்பகுதியை ஊற்றிவிட்டு, மிச்சத்தைச் சுழற்றி மேலே ஊற்றுவது வழக்கம். கலங்கலும் வாழைப்பழ மணமும் அதன் இயல்பு. ஆனால் பாட்டிலில் முதிரும் மற்ற பல ஏல் வகைகளில் வண்டலை அடியிலேயே விட்டுவிடுவதைத்தான் பலர் விரும்புவார்கள். இரண்டிலும் ஊற்றுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் கலக்கிய பிறகு பிரிக்க வழியில்லை. எலுமிச்சைத் துண்டுக்கும் இதே விதி. அது நுரையைக் கொஞ்சம் அமுக்கும், சிலருக்கு அது பிடிக்கும், சிலர் அதை அவமானமாகவே எடுத்துக்கொள்வார்கள். துண்டைத் தனியாக ஒரு சின்னத் தட்டில் வைத்துக் கொடுத்தால் போட்டுக்கொள்வதும் விடுவதும் அவர் பாடு.