வெட்டிய பூசணிக்கு இரண்டே நாள்: வீவக அடுக்குமாடி வீட்டில் ஹாலோவீன்

குளிர்நாட்டுக் குறிப்புகளை நம்பி அக்டோபர் 20ஆம் தேதியே பூசணிக்காயைக் குடைந்து வாசலில் வைத்துவிட்டால், 23ஆம் தேதி அதன் முகம் உள்ளே சரிந்து, பற்கள் மடங்கி, உட்புறம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருக்கும். அடியில் தண்ணீர் தேங்கும். அதை எறும்பும் பழ ஈயும் மொய்க்கும். பூசணிக்காயைக் குறை சொல்லிப் பயனில்லை. சிங்கப்பூரில் இரவில்கூட வெப்பம் 25 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. காற்றின் சராசரி ஈரப்பதமோ 80 விழுக்காட்டுக்கு மேல். இந்தச் சூட்டில் வெட்டிய காய் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாளை எதிர்பார்க்கக்கூடாது.

ஹாலோவீன் அக்டோபர் 31ஆம் தேதி இரவு. அதனால் இங்கே அதற்கான வேலையை அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெட்டாத காயில் முகம் வரைவது இரண்டு வாரம் முன்னால். உடை ஒரு வாரம் முன்னால். வேடமிட்ட பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வாசலுக்கு வரலாமா என்று அண்டை வீட்டாரிடம் கேட்பதும் அப்போதே. கத்தி எடுப்பது 30ஆம் தேதி மாலை.

எந்தக் காய்?

ஹாலோவீனுக்கென்றே வரும் ஆரஞ்சுப் பூசணி அக்டோபரில் பெரிய பேரங்காடிகளில் கிடைக்கும். அதற்குச் சதை மெல்லிது, உள்ளே வெற்றிடம் அதிகம், வெட்டுவது எளிது. சாப்பிட்டால் ருசி இருக்காது. ஈரச்சந்தையில் கிடைக்கும் வரிவரியான தட்டைப் பூசணி இதற்கு நேரெதிர். அதன் சதை 4, 5 சென்டிமீட்டர் தடிமன். குடைய நேரம் பிடிக்கும், ஆனால் குடைந்தெடுத்த சதை அப்படியே கூட்டுக்கோ சாம்பாருக்கோ போகும். கரும்பச்சைத் தோலுள்ள ஜப்பானியப் பூசணி வேண்டவே வேண்டாம். தோல் கட்டைபோல் இருக்கும், கத்தி சிக்கி வழுக்கும்.

3 முதல் 4 கிலோ காய் போதும். காம்பு பச்சையாகவோ காய்ந்தோ உறுதியாக இருக்க வேண்டும். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழைந்தால் அது ஏற்கெனவே அழுகத் தொடங்கிய காய். மேசையில் வைத்தால் ஆடாமல் உட்காருகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

நான்கு வயதுக்குக் கீழே: வெட்டாதீர்கள், வரையுங்கள்

சின்னஞ்சிறு பிள்ளைக்குப் பூசணி குடைவது அலுப்பான வேலை. பெரியவர் வெட்டுவதைத்தான் அது பார்த்துக்கொண்டிருக்க முடியும். வெட்டாத காயில் முகம் வரையக் கொடுத்தால் வேலை முழுக்க அதன் கையில். தோல் கிழியாத காய் நிழலில் மூன்று வாரமாவது கெடாமல் நிற்கும்.

போஸ்டர் வண்ணத்தை நேரே பூசினால் மறுநாள் செதில் செதிலாக உதிரும். தோலில் இயல்பாகவே ஒரு மெழுகுப் படலம் இருப்பதுதான் காரணம். வினிகர் தொட்ட துணியால் காயை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, இரண்டு பங்கு வண்ணத்துக்கு ஒரு பங்கு வெள்ளைப் பசை கலந்து பூசினால் பிடித்துக்கொள்ளும். முதல் பூச்சு காய்வதற்கு அரைமணி நேரம் ஆகும். அதுவரை காத்திருக்கப் பிள்ளைக்குப் பொறுமை இருக்காது, எனவே இரண்டு சிறிய காய்களை வாங்கி மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

பின்னால் அதே காயைச் சமைக்க நினைத்தால் பசையும் வண்ணமும் வேண்டாம். கோலத்துக்குக் கரைப்பதுபோல் அரிசிமாவைச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து, பஞ்சால் தொட்டுக் கண்ணும் பல்லும் வரையலாம். இது சீக்கிரம் உதிரும், திரும்ப வரைய வேண்டியிருக்கும். அதில் பிள்ளைக்கு மகிழ்ச்சிதான்.

வீட்டில் பாட்டி இருந்தால், வாசலில் முகம் வரைந்த பூசணியைப் பார்த்து இது திருஷ்டிக்கா என்று கட்டாயம் கேட்பார். அது வெண்பூசணி, இது மஞ்சள் என்பதைத் தவிர வாசலில் அதன் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முதலில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் முகம் செய்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அங்கே பெரிதாகவும் குடைய எளிதாகவும் கிடைத்த பூசணிக்கு மாறினார்கள்.

30ஆம் தேதி மாலை: குடைதல்

தேவையானவை: சிறிய ரம்பப்பல் கத்தி, ஐஸ்கிரீம் கரண்டி, சாத்தே குச்சி, ஒட்டுநாடா, பழைய செய்தித்தாள், அகலமான ஒரு தட்டு. பெரிய சமையல் கத்தியை ஒதுக்கிவையுங்கள். தடித்த சதையில் அது மாட்டிக்கொள்ளும், பலம் கொடுத்து இழுக்கும்போது கையில் பாயும்.

மூடியை மேலே வெட்டுவதுதான் வழக்கம். இங்கே அடியில் வெட்டுவது மேல். காம்பைச் சுற்றி வெட்டிய மூடி ஓரிரு நாளில் சுருங்கி உள்ளே விழும். விளக்கை ஏற்ற ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கவும் வேண்டும். அடியில் 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டி எடுத்துவிட்டால், தட்டில் விளக்கை வைத்து மேலே காயைக் கவிழ்த்தால் போதும். நான்கு மடிப்புச் செய்தித்தாளைத் தட்டில் விரித்து வைத்தால் வடியும் நீரை அது குடித்துக்கொள்ளும். தாளைத் தினமும் மாற்றுங்கள்.

அடிவட்டத்தைப் பெரியவர் முன்கூட்டியே வெட்டி வைத்த பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை இந்த வேலையில் இருபது நிமிடம் நிற்கும். அந்த இருபது நிமிடமும் குடைவதற்கே போகட்டும். வழவழப்பைத் தொட மறுக்கும் பிள்ளைக்குக் கரண்டி கொடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

முகம் வெட்டப்போகும் பக்கத்தில் மட்டும் சுவர் 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்கு வரும்வரை உள்ளிருந்து சுரண்ட வேண்டும். சாத்தே குச்சியை வெளியிலிருந்து குத்தி, உள்ளே முனை எட்டிப் பார்த்ததும் அளந்துகொள்ளலாம். தடிமன் அதிகமானால் கண் ஓட்டையில் வெளிச்சம் வராது, குகைபோல் இருண்டிருக்கும். 2 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மறுநாளே தொய்ந்துவிடும்.

முகத்தைத் தாளில் வரைந்து காயில் ஒட்டி, கோட்டின் மேல் அரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாகச் சாத்தே குச்சியால் குத்தினால் வடிவம் தோலில் பதியும். முதலில் கண், பிறகு மூக்கு, கடைசியில் வாய். பெரிய ஓட்டையை முதலில் போட்டால் காய் வலுவிழந்து, கண் வெட்டும்போது அழுத்தம் தாங்காமல் பிளக்கும். ஓட்டைகளுக்கு நடுவே 2.5 சென்டிமீட்டர் சதையாவது நிற்கட்டும். பல் ஒன்று உடைந்து விழுந்தால் பல்குத்தும் குச்சியைச் செருகி ஒட்டவைக்கலாம்.

பிறகு ஒரு குளியல். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீட்டு பிளீச் கலந்து, காயைப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து எடுத்து, நன்றாக உலரவிடுங்கள். இதைப் பெரியவர் மட்டும் செய்யட்டும். பிளீச்சோடு வினிகரையோ வேறு துப்புரவுத் திரவத்தையோ கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். வெட்டிய ஓரங்களில் பெட்ரோலியம் ஜெல்லி தடவச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அது காய்ந்து சுருங்கும் ஊர்களுக்கான வைத்தியம். நம் ஊர்ச் சிக்கல் பூஞ்சை. இரவில் குளிர்பதனப் பெட்டியில் இடம் இருந்தால் அங்கே வையுங்கள், இல்லையென்றால் மின்விசிறிக் காற்று படும் இடத்தில்.

குளியலுக்கு முன் எடுத்த சதையும் விதையும் மட்டுமே சமையலுக்கு. விதையை அலசி, 500 மில்லிலிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வேகவைத்து, துணியில் உலர்த்தி, ஒரு தேக்கரண்டி எண்ணெயும் மிளகுத்தூளும் புரட்டி 160 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் வறுக்கலாம். உலராமல் போட்டால் மொறுமொறுப்பு வராது, சவசவ என்றிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு முழு விதை தரக்கூடாது, தொண்டையில் சிக்கும்.

விளக்கும் நடைபாதையும்

மெழுகுவத்தி வேண்டாம். பேட்டரி விளக்கு வாங்கும்போது வெளிச்சத்தைவிட அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். மலிவான விளக்குகளில் நகத்தால் தள்ளினாலே மூடி கழன்று வட்டப் பேட்டரி வெளியே விழும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள சிஆர்2032 பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் அது உணவுக்குழாயில் தங்கி, இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

வாசலில் அலங்காரம் வைக்கும்போது பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. செயற்கைச் சிலந்தி வலையும் காகித எலும்புக்கூடும் கேட்டுக்கு உள்பக்கமே தொங்கட்டும். மழைச்சாரல் படும் இடத்தில் குடைந்த பூசணியை வைத்தால் தட்டில் நீர் தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு அந்த அளவு தண்ணீர் போதும்.

குடையிலிருந்து வௌவால்

கடையில் விற்கும் பாலியஸ்டர் உடைக்குள் பிள்ளை பத்து நிமிடத்தில் வியர்த்து அழும். பருத்தி டீசட்டையை அடிப்படையாக வைத்துக்கொண்டு மேலே ஏதாவது ஒன்றைச் சேர்ப்பதே இங்கே செல்லும். படுக்கை விரிப்பில் கண் துளை போட்ட பேய் வேடத்தில் பிள்ளைக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, படியில் தடுக்கும். அப்பாவின் பழைய வெள்ளை டீசட்டையில் இரண்டு கறுப்பு வட்டங்களை ஒட்டினால் அதுவே பேய்.

கம்பி முறிந்த கறுப்புக் குடை எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். எட்டுக் கம்பிக் குடையின் துணியைத் தையல் பிரித்து எடுத்து, கம்பி, முனைக்குமிழ் எல்லாவற்றையும் நீக்கி, நடுவே சரிபாதியாக வெட்டுங்கள். ஒரு பாதியில் நான்கு முக்கோணங்கள் இருக்கும். அதன் வளைவு வளைவான கீழ் ஓரம் அப்படியே வௌவால் சிறகு. கம்பி 55 சென்டிமீட்டர் நீளமென்றால் நேர் ஓரம் 110 சென்டிமீட்டர். பிள்ளை கை விரித்தால் வரும் அகலம் ஏறக்குறைய அதன் உயரமே என்பதால், 110 சென்டிமீட்டர் உயரமுள்ள ஐந்து வயதுக்காரருக்கு இது அளவெடுத்ததுபோல் பொருந்தும். மூன்று வயதுக்கு மடக்குக் குடை சரியாக வரும்.

நேர் ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் மடித்துத் தைத்து, இரு முனையிலும் மணிக்கட்டுக்கு 14 சென்டிமீட்டர் எலாஸ்டிக் வளையம் வையுங்கள். பிடரிப் பக்கம் டீசட்டையோடு சேர்க்க 5 சென்டிமீட்டர் வெல்க்ரோ போதும். சிறகு எங்காவது மாட்டினால் அது தானே பிய்ந்து வரும். கழுத்தைச் சுற்றி நாடா கட்டவே வேண்டாம். மழை வந்தாலும் இந்த உடைக்குக் கவலையில்லை.

முகத்துக்கு முழுப்பூச்சு வியர்வையில் வழிந்து கண்ணில் இறங்கும். கண்மைப் பென்சிலால் மீசையும் மூக்கு நுனியும் வரைந்தால் பூனை ஆகிவிடலாம். தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும். புதிய முகச்சாயம் என்றால் முந்தின நாளே முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள்.

வீடு வீடாக

உட்லண்ட்ஸ் உட்குரோவ் வட்டாரத் தரைவீடுகளில் ஹாலோவீன் மிட்டாய்க் கூட்டம் பெயர்பெற்றது, பக்கத்தில் சிங்கப்பூர் அமெரிக்கப் பள்ளி இருப்பதால் அங்கே அது வழக்கமாகிவிட்டது. மூன்று வயதுப் பிள்ளையோடு அந்தக் கூட்டத்துக்குள் போவது வீண் அலைச்சல். சொந்த புளோக்கில் எட்டு வீடு போதும்.

ஒரு வாரம் முன்னால் மாடி வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள். சம்மதித்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு காகிதப் பூசணி கொடுத்து கேட்டில் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டாத வீட்டின் மணியை அழுத்தக்கூடாது என்பது பிள்ளைகளுக்கான முதல் விதி. சமயக் காரணத்துக்காகவோ, வீட்டில் முதியவர் தூங்குவதாலோ பலருக்கு இது வேண்டாம். காரணம் கேட்க வேண்டியதில்லை.

மாத இறுதியில் சூரியன் சுமார் 6.45க்கு மறைகிறது. அப்போது கிளம்பி 7.30க்கு முடித்துவிட்டால் இரவுச் சாப்பாடும் தூக்கமும் கெடாது. மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர். மின்தூக்கியில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுங்கள். முகமூடி போட்டவர் கதவைத் திறந்தால் சிறுபிள்ளை மிரளும். முகமூடியைக் கையில் பிடித்துக் காட்டிவிட்டுப் பிறகு போட்டால் அதே பிள்ளை சிரிக்கும்.

மிட்டாய் விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மென்று தின்னும் பல மிட்டாய்களில் ஜெலட்டின் உண்டு. ஹலால் முத்திரை உள்ளதை வாங்கினால் முஸ்லிம் அண்டை வீட்டுப் பிள்ளைக்குப் பயன்படும், ஆனால் சைவப் பிள்ளைக்கு அதுவும் ஆகாமல் போகலாம், ஜெலட்டின் மாட்டிலிருந்தும் எடுக்கப்படுகிறது. சாக்லேட் பையிலேயே இளகும். உருண்டையான கெட்டி மிட்டாயும் நிலக்கடலையும் இந்த வயதுக்கு ஆபத்து. சிறு பொட்டல பிஸ்கட், ஒட்டுப்படம், சின்ன அழிப்பான் ஆகியவை எல்லாருக்கும் பொருந்தும். பிள்ளைகள் பன்னிரண்டு என்றால் ஒவ்வொரு வீட்டிலும் பதினைந்து வைத்திருக்கச் சொல்லுங்கள். தம்பி தங்கைகள் எப்படியும் சேர்ந்துகொள்வார்கள்.

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. 2026இல் எட்டு நாள் இடைவெளி, நவம்பர் 8 தீபாவளி. 31ஆம் தேதி இரவே எலும்புக்கூட்டைக் கழற்றி, வாசலைக் கழுவி, கோலத்துக்கு இடம் விட்டுவிடுங்கள். பூசணியை முழுதாகக் குப்பைக் குழாயில் தள்ளினால் நடுவில் அடைத்துக்கொள்ளும். நான்கு துண்டாக வெட்டி, இரட்டைப் பையில் கட்டிப் போட வேண்டும்.