கரகரப்புக் குரலை அதிவேக கேமராவில் பிடிப்பது எப்படி?

குரல் கிளினிக்கில் கேமராவைக் கையாள்வது என் வேலை. தொண்டைக்குள் பார்க்கும் குழாயான எண்டோஸ்கோப்பை ஈ.என்.டி. மருத்துவர் பிடிப்பார், வேகம், ஒளி, டிரிகர், பதிவு எல்லாம் என் பொறுப்பு. தொண்டை கிழியக் கத்துகிற மெட்டல் பாடகர்களும் வருகிறார்கள், பேசிப் பேசிக் குரல் கெட்டுப்போன ஆசிரியர்களும் வருகிறார்கள். இரண்டு பேருடைய பதிவையும் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் சில நேரம் வித்தியாசமே தெரியாது. இருவருக்கும் அதிர்வு தாறுமாறாகத்தான் இருக்கும். அதனால் எதை வைத்துப் பிரித்தறியப்போகிறோம் என்பதைக் கேமராவைத் தொடும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

முதலில், அதிவேக கேமரா தேவையா என்று பாருங்கள். சாதாரணப் பேச்சில் ஆணின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 100 தடவையும் பெண்ணின் நாண்கள் சுமார் 200 தடவையும் அதிர்கின்றன. விட்டுவிட்டு ஒளி வீசும் கருவியான ஸ்ட்ரோபோஸ்கோப், நாண்கள் திறந்து மூடும் ஒவ்வொரு சுற்றிலும் சற்றுத் தள்ளி ஒளியை வீசி, பல சுற்றுகளின் துண்டுகளை ஒரே சுற்றுபோலக் கோத்துக் காட்டும். அதிர்வு ஒழுங்காக இருந்தால் அதுவே போதும். ஒழுங்கு தப்பிய குரலில் அந்தக் கோவையே பொய்யாகிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு சுருதி கேட்கும் இரட்டைக் குரல், இழுத்துப் பிடிக்கும் குரல், குரல் தொடங்கும் கணம், அலறல் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாகப் பிடித்தே ஆக வேண்டும்.

அடுத்தது வேகம். பெல் ஆய்வகத்தில் 1930களின் கடைசியில் ஃபிலிமிலேயே நொடிக்கு 4000 பிரேம் எடுத்தார்கள். இன்றைக்கும் பல கிளினிக்குகளில் அதே எண்தான் வழக்கம். 200 ஹெர்ட்ஸ் குரலுக்கு அது ஒரு சுற்றுக்கு 20 பிரேம் தரும், தாராளம். சோப்ரானோ பாடகி 1000 ஹெர்ட்ஸைத் தொட்டால் ஒரு சுற்றுக்கு 4 பிரேம்தான் கிடைக்கும். அதை வைத்து நாண்கள் மூடினவா இல்லையா என்றுகூடச் சொல்ல முடியாது. அப்போது படத்தின் அளவைக் குறைத்து வேகத்தை ஏற்றுங்கள். வேகம் ஏற ஏற ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். 300 வாட் செனான் விளக்கு பலமாகச் சுடும். குழாயின் நுனியைத் திசுவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். பதிவு செய்யும் நேரத்துக்கு மட்டும் ஒளியைக் கூட்டுங்கள்.

வாய் வழியாகப் போகும் வளையாத குழாயில் படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் நாக்கைப் பிடித்துக்கொண்டு ‘ஈ’ என்று மட்டும்தான் சொல்ல வைக்கலாம். அந்த நிலையில் யாராலும் க்ரௌல் (உறுமல் குரல்) பாட முடியாது. பாட்டுக்கு மூக்கு வழியாகச் செல்லும் வளையும் குழாய்தான் சரி. படம் கொஞ்சம் மங்கினாலும், அவர் உண்மையில் பாடுகிற விதத்தைப் பார்ப்பதுதான் நமக்கு முக்கியம்.

டிரிகரை ‘முடிவு’ நிலையில் வையுங்கள். பொத்தானை அழுத்தியதும் அதற்கு முந்தைய 2 நொடிகளை கேமரா வைத்துக்கொள்ளும். சுவாரசியமான விஷயம் நடந்து முடிந்த பிறகு அழுத்தினால் போதும். 2 நொடி என்றால் 8000 பிரேம். நொடிக்கு 25 வீதம் ஓட்டினால் 5 நிமிடம் 20 நொடி உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீளமாக எடுக்க ஆசைப்படாதீர்கள்.

எதைப் பாடச் சொல்வது என்பதில்தான் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். வெறும் அலறலை மட்டும் ஒருபோதும் பதிவு செய்யாதீர்கள். தெளிவான சுருதியில் தொடங்கி, அதே மூச்சில் கரகரப்புக்குள் போய், மறுபடி தெளிவுக்குத் திரும்பச் சொல்லுங்கள். தேர்ந்த பாடகர் நினைத்த இடத்தில் நுழைந்து நினைத்த இடத்தில் வெளியே வருவார். கரகரப்புக்கு முன்னும் பின்னும் நாண்கள் சீராக அதிரும், அவற்றின் மேற்பரப்பில் இரு பக்கமும் ஒன்றுபோல் அலை ஓடும். நோயாளிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மெதுவாகச் சொன்ன ‘ஈ’யிலும் கோளாறு அப்படியே நிற்கும். பாடகரிடமும் திரும்பி வந்த சுருதி முன்பைவிட இரைந்தால் அதை அறிக்கையில் கண்டிப்பாக எழுதுங்கள். வலிக்கிறது என்றால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

சட்டகத்தையும் அகலமாக வையுங்கள். இந்தப் பாட்டுகளில் கரகரப்பு பெரும்பாலும் குரல்நாண்களுக்கு மேலேதான் பிறக்கிறது. சைபீரியாவின் துவா பகுதிப் பாடகர்களின் கார்கிரா என்ற அடித்தொண்டைப் பாட்டில், மெய்நாண்களுக்கு மேலே உள்ள மடிப்புகளான பொய்க் குரல்நாண்களும் சேர்ந்து அதிரும். மெய்நாண்கள் இரண்டு தடவை அடித்தால் அவை ஒரு தடவை அடிக்கும், அதனால் காதுக்கு ஓர் எண்மம் (ஆக்டேவ்) கீழே கேட்கும். க்ரௌலில் குரல்வளை வாயிலின் மடிப்புகளே அதிர்ந்து, கீழே உள்ள நாண்களை மறைத்துவிடும். அப்போது கழுத்தில் மின்முனை ஒட்டி, நாண்கள் தொட்டுக்கொள்வதைப் பதிவு செய்யும் குளோட்டோகிராஃப் உதவும். ஆனாலும் பொய்நாண்கள் தொட்டுக்கொள்வதும் அதில் கலக்கலாம், கவனம். ஒலியையும் கூடவே பதிவு செய்யுங்கள். நாணிலிருந்து மைக்குக்கு 34 செ.மீ. தூரம் என்றால் ஒலி ஏறக்குறைய 1 மில்லிநொடி தாமதமாக வரும், அதாவது 4 பிரேம். படத்தோடு பொருத்தும்போது இதைக் கழித்துவிடுங்கள்.

அப்புறம், கைமோகிராம். நாண்களுக்குக் குறுக்கே ஒரே ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பிரேமிலும் அந்தக் கோட்டை மட்டும் வெட்டி வரிசையாக அடுக்கினால் அதிர்வு ஒரு துணிக்கரைபோல விரியும். யான் ஷ்வெட்ஸும் ஹார்ம் ஸ்குட்டேயும் 1996-இல் முன்வைத்த முறையின் டிஜிட்டல் வடிவம் இது. வீடியோவில் கண் தவறவிடுவதை இது காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கக் குரல்நாண் செயலிழந்திருந்தால் இடமும் வலமும் முன்பின்னாக நெளியும். தழும்பு உள்ள இடத்தில் அலை செத்துப்போயிருக்கும். முடிச்சு இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் மூடாத இடைவெளி தெரியும் என்பதால், முன், நடு, பின் என்று மூன்று கோடுகள் எடுங்கள். ஒரே கோட்டை வைத்து முடிவுக்கு வருவது ஆபத்து.

பதிவை அந்த நபருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவருடைய தொண்டை, பார்க்க அவருக்கு உரிமை உண்டு. பாடகர்கள் திரையில் ஒரு வெள்ளை இழையைப் பார்த்துக் கட்டி என்று நடுங்கிப்போவதுண்டு. எச்சில் விழுங்கச் சொல்லி இன்னொரு தடவை எடுங்கள். நகர்ந்திருந்தால் சளி. அதே இடத்தில் இருந்தால், எந்தக் கருத்தும் சொல்லாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.